அறுவை அரங்கில் நிற்பவர்களின் உயிரும் அமானிதமே



ஜுமுஆத் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல்களில் துஆவுக்கான வேண்டுகோள்கள் அறிவிக்கப்படுகின்றன. இன்ன தெருவைச் சேர்ந்த இன்னாருக்கு நாளை அறுவை சிகிச்சை. அது இலகுவாக நிறைவேற துஆச் செய்யுங்கள் என்று இமாம் கூறுவார். நாம் ஆமீன் கூறுவோம். நோயாளிக்கு ஷிஃபா கேட்கிறோம். மருத்துவரின் கைக்கு நற்பலன் கேட்கிறோம். ஆனால் நோயாளியின் மேசையைச் சுற்றி நிற்கும் ஐந்தாறு பேர் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்று எவரும் துஆ கேட்டதை நான் செவியுற்றதில்லை. அவர்களுக்கு என்ன ஆபத்து நேர்ந்துவிடப் போகிறது என்பதே நம் பொது எண்ணம்.

நான் மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துபவன். மருத்துவம் பயின்றவன் அல்லன். எனினும் மார்க்க விளக்கம் கேட்டு வருவோர் பல நேரங்களில் மருத்துவமனை வாசலிலிருந்தே வருகின்றனர். அவ்வாறு வந்த ஒரு கேள்வி, அந்த அரங்கிற்குள் நிகழ்வதை நான் விசாரித்து அறியக் காரணமாயிற்று.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு சகோதரர் தம் மச்சானுடன் என்னைக் காண வந்தார். அவருக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இரத்த தானம் செய்த இடத்தில், அவர் உடலில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். மனைவியைத் தவிர வேறெவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. முதலில் சென்ற மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தவுடன் பேச்சின் தொனி மாறிவிட்டதாம். இன்று இடமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டனர். வீட்டிலோ மூத்த மகளுக்கு நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மச்சான் ஒரு வழி கண்டிருந்தார். வேறொரு மருத்துவமனைக்குச் செல்வது. அதற்கு முன், அறிமுகமான பரிசோதனைக் கூடத்தில் தம் இரத்தத்தை இவர் பெயரில் கொடுத்து நோயில்லை என்ற அறிக்கையைப் பெற்றுக்கொள்வது. "ஹஜ்ரத், அல்லாஹ் மறைத்து வைத்த ஒன்றை நாமே ஏன் வெளிப்படுத்த வேண்டும்? டாக்டருங்க எப்படியும் கையுறை போட்டுக்கத்தானே போறாங்க?" என்றார் அவர். அந்தச் சகோதரரோ தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். "என் மகள் வாழ்க்கைங்க" என்று மட்டும் சொன்னார்.

பொய் அறிக்கை கூடாது என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். ஆயினும் "கையுறை போட்டுக்கொள்ளத்தானே போகிறார்கள்" என்ற வாதத்திற்கு மறுமொழி கூற எனக்கு விவரம் வேண்டியிருந்தது. ஒன்றின் உண்மை நிலையை அறியாமல் அதன் மீது தீர்ப்புக் கூறலாகாது என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. எனவே இரண்டு நாள் தவணை கேட்டேன்.

என் தங்கையின் மகள் பன்னிரண்டு ஆண்டுகளாக அறுவை அரங்கில் செவிலியராகப் பணிபுரிகிறாள். பெயரையோ ஊரையோ குறிப்பிடாமல் அவளிடம் விசாரித்தேன். அவள் கூறியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மருத்துவம் செய்பவருக்கே நோய் தொற்றுவது புதிய செய்தியன்று. 1847-ஆம் ஆண்டு வியன்னா நகரில் கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர் பிணப் பரிசோதனை கற்பித்துக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அந்தச் சிறு காயமே நஞ்சாகி அவர் இறந்தார். அவருடைய நண்பர் செம்மல்வைஸ் அந்த மரணத்தை ஆராய்ந்துதான், பிரசவித்த தாய்மார்களைக் கொன்ற காய்ச்சலும் மருத்துவர்களின் கழுவாத கைகள் வழியே பரவுகிறது என்று கண்டறிந்தார். கையுறையின் வரலாறு இன்னும் வியப்பானது. 1889-90 காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தது, கிருமிநாசினியால் புண்பட்ட தம் செவிலியரின் கைகளைக் காப்பதற்காகத்தான். நோயாளிக்கும் அதனால் நன்மை உண்டென்பது பிறகே தெளிவாயிற்று. பணி செய்பவரைக் காக்கச் செய்த ஏற்பாடு, பணியைப் பெறுபவரையும் காத்தது.

இனி நுண்துளை அறுவைக்கு வருவோம். இம்முறையில் பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் ஜெர்மனியின் எரிக் மியூஹே; ஆண்டு 1985. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதைச் செய்தார். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களிலும் இது அன்றாடச் சிகிச்சையாகிவிட்டது.

இதன் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. தொப்புளருகே ஒரு துளையிட்டு, வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துகின்றனர். 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தில் வயிறு கூடாரம்போல் உயர்கிறது. அந்த இடைவெளியில்தான் கேமராவும் நீண்ட கருவிகளும் இயங்குகின்றன. கருவிகள் நுழையும் குழல்களுக்கு ட்ரோக்கார் என்று பெயர். பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலமுடையவை. மருத்துவரின் கை உடலுக்குள் செல்வதில்லை. அவர் திரையைப் பார்த்தபடியே வேலை செய்கிறார்.

"மாமா, ஒரு வகையில் இது எங்களுக்குப் பாதுகாப்பான முறைதான்" என்றாள் அவள். திறந்த அறுவையில் இரத்தத்தில் தோய்ந்த கைகளுக்கிடையே ஊசியும் கத்தியும் ஓயாமல் நடமாடும். கையுறை கிழிவதும் விரலில் குத்துவதும் அதிகம். நுண்துளை முறையில் அது குறைவு. ஆனால் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. தோலைக் கீறக் கத்தி வேண்டும். முடிவில் தையலுக்கு ஊசி வேண்டும். ட்ரோக்காரின் முனையும் கூரானதே. அவற்றை எடுத்துக் கொடுப்பவர் செவிலியர். கழுவுபவர் துப்புரவுப் பணியாளர்.

இம்முறைக்கே உரிய வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. முதலாவது, அழுத்தம். வயிற்றுக்குள் அடைபட்ட வாயு வெளியேற வழி தேடிக்கொண்டே இருக்கும். குழலிலிருந்து கருவியை உருவும் நொடியில், அல்லது குழலையே எடுக்கும் நொடியில், வாயுவோடு இரத்தத் துளிகளும் நீரும் பீறிட்டு முகத்தில் தெறிக்கலாம். கண்ணின் மேற்படலம் தோலைப்போல் உறுதியானதன்று. கிருமி அதன் வழியே உட்புக முடியும்.

இரண்டாவது, புகை. இரத்தக் கசிவை நிறுத்தவும் தசையைப் பிரிக்கவும் மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்துகின்றனர். சதை தீயும்போது எழும் புகை, திறந்த அறுவையில் சிறிது சிறிதாகக் கலைந்துவிடும். நுண்துளை அறுவையிலோ அது மூடிய வயிற்றுக்குள் அடர்ந்து, வால்வைத் திறந்தவுடன் மொத்தமாக வெளியேறும். கொரிய மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஹெபடைடிஸ் பி உள்ள 11 நோயாளிகளின் அறுவைப் புகையைச் சேகரித்துச் சோதித்தனர். 10 பேரின் புகையில் அந்தக் கிருமியின் மரபணு இருந்தது. புகையில் கிருமியின் தடயம் காணப்படுவது வேறு, அதனால் ஒருவருக்கு நோய் வருவது வேறு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதே வேளையில் அதை அலட்சியம் செய்வதற்கும் இல்லை. லேசர் கொண்டு மருக்களை எரித்து நீக்கிவந்த நார்வே நாட்டு மருத்துவர் ஒருவருக்குத் தொண்டையிலேயே மருக்கள் தோன்றியது 1991-இல் பதிவாகியுள்ளது. நோயாளிகளிடமிருந்த கிருமி வகையே அவரிடமும் காணப்பட்டது. சாதாரண முகக்கவசம் அணிந்திருப்பவரின் எச்சில் துளி வெளியே செல்லாமல் தடுப்பதற்கானது; நுண்ணிய புகைத் துகளை அது வடிகட்டாது.

கொரோனா காலத்தில் இந்த அச்சம் உலகளவில் விவாதமாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகள், நுண்துளை அறுவையைப் பொதுவாகத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. அமெரிக்க, ஐரோப்பிய நுண்துளை அறுவைச் சங்கங்களோ, புகை வழியே அந்நோய் பரவியதற்குச் சான்று இல்லை எனினும் பரவக்கூடும் எனக் கருதியே நடந்துகொள்ளுங்கள் என்றன. அழுத்தத்தைக் குறைத்தல், துளையைக் குழலுக்குச் சரியான அளவில் இடுதல், வாயுவை வடிகட்டி வழியே மட்டும் வெளியேற்றுதல், குழலை எடுக்குமுன் வயிற்றை முழுதும் வடியச் செய்தல் ஆகியவை அவர்கள் வலியுறுத்திய ஒழுங்குகள். கிருமி புதியது, ஒழுங்குகளோ முன்பே கடைப்பிடித்திருக்க வேண்டியவை என்று என் மருமகள் கூறினாள்.

இப்போது மச்சானின் வாதத்திற்கு வருவோம். மருத்துவர்கள் எல்லா நோயாளிகளையும் தொற்று உள்ளவர் போலவே கருதி நடக்க வேண்டும் என்பது 1980-களில் எய்ட்ஸ் பரவியபோது வகுக்கப்பட்ட விதி. அப்படியானால் நோயாளி சொன்னாலென்ன, சொல்லாவிட்டாலென்ன? இதைத்தான் நான் அவளிடம் நேரடியாகக் கேட்டேன்.

"ஊசி குத்தாத வரைக்கும் வித்தியாசம் குறைவுதான் மாமா. குத்தின பிறகுதான் எல்லா வித்தியாசமும்" என்றாள்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவரை ஹெபடைடிஸ் பி நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர்வரை தொற்றுக்கு ஆளாகலாம். எச்.ஐ.வி.யில் இந்த ஆபத்து ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று. ஹெபடைடிஸ் சி-யில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. இவற்றுள் மிகுதியாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி-க்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது என்பது அல்லாஹ்வின் அருள். குத்திய பிறகும் ஒரு வழி உண்டு: நோயெதிர்ப்புப் புரத ஊசியை இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் போட்டுத் தடுப்பூசியையும் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எச்.ஐ.வி.க்குரிய தடுப்பு மருந்தைச் சில மணி நேரங்களிலேயே தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. ஆக, நோயாளியிடம் இன்ன கிருமி உள்ளது என்று தெரிந்திருப்பதே அந்தச் செவிலியரைக் காக்கும் மருந்து. நோயில்லை என்று பொய் அறிக்கை கோப்பில் இருந்தால், ஊசி குத்தியவர் அதைப் புரட்டிப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியடைந்து, அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமலே வீட்டுக்குப் போய்விடுவார். காக்கக்கூடிய நேரம் அவ்வாறே கழிந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. மௌனமாக இருப்பதைக் காட்டிலும் பொய் அறிக்கை மிகக் கொடியது. அது ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியையே அடைத்துவிடுகிறது.

அறியாதோர் ஹதீஸ் நூல்களில் காணலாம்: சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததற்காக அவரை நபியவர்கள் குறை கூறவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கடுமையாக எச்சரித்தார்கள். மழை அவர் குற்றமன்று. மறைத்தது அவர் செயல். நோயும் மழையைப் போன்றதே.

அப்படியானால் குறைகளை மறைத்தல் என்னும் சிறந்த பண்பு எங்கே போயிற்று? அது தன் இடத்தில் இருக்கிறது. பிறருடைய குறையைப் பேசுவது ஹராம் என்று விரிவாக எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே, தக்க தேவைக்காக அது அனுமதிக்கப்படும் ஆறு சூழ்நிலைகளையும் எண்ணிக் காட்டியுள்ளார்கள். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. பிறருடைய குறைக்கே இந்த விதி என்றால், தம் உடலைத் திறக்கப்போகும் கைகளிடம் தம் நோயைச் சொல்வதில் என்ன தடை? ஆனால் இந்த அனுமதிக்கு எல்லையும் உண்டு. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டுமே சொல்ல வேண்டும். மருத்துவரிடம் சொன்னது தெருவுக்கு வந்துவிட்டால், அங்கே குற்றவாளி நோயாளி அல்லர்.

ஆகவே என் மறுமொழியில் இரண்டு பக்கங்கள் இருந்தன. மருத்துவரிடம் உண்மையைக் கூறுவது உங்கள் கடமை; பொய் அறிக்கை ஏமாற்று மட்டுமன்று, பிற உயிருக்கு இழைக்கும் தீங்கு. அதேபோல், உண்மையைச் சொன்னவரைத் திருப்பி அனுப்புவது மருத்துவமனை செய்யக் கூடாத செயல். முன்னெச்சரிக்கையோடு செய்ய வழி இருக்கையில், அஞ்சி விலகுவதும் கடமை தவறுதலே. மக்கள் பொய் சொல்லத் தூண்டப்படுவது பெரும்பாலும் இந்த விலக்கினால்தான். எச்.ஐ.வி. உள்ளோரைச் சிகிச்சையில் பாகுபடுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் நியாயம் பிற நோய்களுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

மறைப்பதால் அவருக்கே வரும் கேட்டையும் எடுத்துரைத்தேன். கல்லீரலின் நிலையை அறியாமல் மயக்க மருந்து கொடுப்பதும் அறுவை செய்வதும் நோயாளிக்கு ஆபத்து. பொய் அறிக்கை முதலில் ஏமாற்றுவது அதைக் கொண்டுவந்தவரின் உடலையே.

மச்சான் சிறிது நேரம் வாதிட்டார். அந்தச் சகோதரர்தாம் இறுதியில், "அந்த நர்ஸ் பிள்ளைக்கும் ஒரு வாப்பா இருப்பார்ல" என்றார். அதன்பின் வாதம் நின்றுவிட்டது.

அவர்கள் வேறொரு மருத்துவரிடம் உண்மையான அறிக்கையோடு சென்றனர். அவர் முதலில் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பினார். இரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்த்து, மாத்திரை தொடங்கிய பின்பே அறுவைக்கு நாள் குறித்தார். வடிகட்டியும் கண்ணாடியும் இரட்டைக் கையுறையுமாக அறுவை முடிந்தது. மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார். மனைவி மக்களைப் பரிசோதித்ததில் எவருக்கும் தொற்றில்லை. அனைவருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. இத்தனை ஆண்டுகள் அவர்கள் பரிசோதனையின்றியே இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். மறைப்பதற்குச் செலவான முயற்சி, காப்பதற்குச் செலவாகவில்லை. நிக்காஹ் பேச்சு என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். அது அவர்கள் வீட்டுச் செய்தி. அதை மறைப்பது என் கடமை.

இந்த நோய் குறித்து நம் சமூகத்தில் நிலவும் வீண் அச்சத்தையும் களைய வேண்டும். ஹெபடைடிஸ் பி இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது. ஒரே சஹனில் அமர்ந்து உண்பதால் பரவாது. முஸாஃபஹா செய்வதால் பரவாது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதால் பரவாது. அந்த நோயுள்ளவரை விருந்தில் தனித்து அமர்த்துவது அறியாமை. அதனால் அவர் மனம் புண்பட்டால் அது பாவமும் ஆகும். நாடு முழுவதற்குமான ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, நம்மால் இயன்றவை சில உள்ளன. அறுவைக்குச் செல்லும்முன் நம் நோய்கள் அனைத்தையும் மருத்துவரிடம் தனியே, மறைக்காமல் சொல்வோம். நம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, ஹெபடைடிஸ் பி ஊசிகள் முழுமையாகப் போடப்பட்டுள்ளனவா என உறுதி செய்வோம். நம் வீட்டில் செவிலியராக, ஆய்வுக்கூடப் பணியாளராக, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராக யாரேனும் இருந்தால், மூன்று தவணைத் தடுப்பூசியும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டதா என்று கேட்போம். மருத்துவர் தமக்கு வேண்டியதைத் தாமே பார்த்துக்கொள்வார். அறுவை முடிந்தபின் இரத்தம் படிந்த கருவிகளைக் கழுவும் எளிய பணியாளருக்கே அது விட்டுப்போகிறது. மருத்துவமனை நடத்தும் செல்வந்தர்கள் நம் சமூகத்திலும் உள்ளனர். கண்ணாடிக்கும், வடிகட்டிக்கும், கடைநிலைப் பணியாளரின் தடுப்பூசிக்கும் செலவிடுவதை வீண் செலவு என எண்ணாதீர்கள். அது உங்கள் கூரையின் கீழ் உழைப்பவரின் உரிமை.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக. அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் கைகளையும், அந்தக் கருவிகளைக் கழுவும் கைகளையும் எல்லாத் தீங்கை விட்டும் காப்பாயாக. உண்மை பேசுவதற்குரிய துணிவை எங்களுக்கும், உண்மை பேசியவரை அரவணைக்கும் உள்ளத்தை மருத்துவமனைகளுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.